பழைய இயங்குதளத்திற்குத் திரும்பலாமா?

பிறந்த ஊரை விட்டு வெளிமாநிலங்களில் வந்து வாழும் நமக்குத் ‘திரும்பிப் போய்விடலாமா?’ என்னும் கேள்வி புதியதன்று. வீட்டு வாடகை உயரும்போதும், பிள்ளைகள் தமிழ் எழுத்தை மறக்கும்போதும் அக்கேள்வி தானாகவே எழுகின்றது. விடுமுறையில் ஊருக்குச் சென்று சில நாள் தங்கிப் பார்த்த பின்னரே, நாம் விட்டு வந்த ஊர் வேறு, இன்றுள்ள ஊர் வேறு என்பது விளங்குகின்றது. இதே கேள்வி இக்காலத்தில் நம் வீட்டு மேசைமேல் உள்ள கணினியைப் பற்றியும் எழுகின்றது. புதிய இயங்குதளம் மனத்துக்கு ஒத்து வரவில்லை, பழையதற்கே திரும்பிவிடலாமா? சிறிய கேள்வி போலத் தோன்றினும், இதற்கு ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுக் கால வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்து முடிவு செய்வோர் இடர்ப்படுவது குறைவு.

இயங்குதளம் என்பது யாது? கணினியின் பொறிகளுக்கும் நாம் செய்யும் வேலைகளுக்கும் இடையே நின்று, இரண்டையும் இணைத்து நடத்தும் ஆணைகளின் தொகுதியே இயங்குதளம். விசையைத் தட்டினால் எழுத்து திரையில் தோன்றுவதும், கடிதம் அச்சுப்பொறிக்குச் செல்வதும், எழுதியது அழியாமல் வட்டில் தங்குவதும் அதனால் நிகழ்வன. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது போன்றதன்று இயங்குதளத்தை மாற்றுவது. அடித்தளத்தையே மாற்றுவது போன்றது. அடித்தளம் மாறினால் கதவும் சன்னலும் கூடச் சிறிது பிசகத்தான் செய்யும்.

நாம் சேர்ந்திருக்கும் தமிழ் மன்றம் ஒன்றில் இக்கேள்வி விவாதத்திற்கு வந்தது. மன்றத்தின் உறுப்பினர் பதிவேடும், பொங்கல் மலர்கள் சிலவும், மன்றத்தைத் தோற்றுவித்த பெரியவர்கள் எழுதி வைத்த நினைவுக் குறிப்புகளும் விண்டோஸ் 98 இயங்குதளம் உள்ள பழைய கணினியில் தட்டெழுதப்பட்டவை. புதிய கணினி வாங்கி, கோப்புகளை அதற்கு மாற்றியபோது திரையில் தமிழைக் காணோம். ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த பொருளற்ற வரிகளே தோன்றின. அக்குறிப்புகளை எழுதியவர்களுள் பலர் இன்று நம்மிடையே இல்லை. கேட்டு எழுதிக்கொள்ளவும் வழியில்லை. “பழைய கணினியே போதும், அதிலேயே வேலையைத் தொடர்வோம்” என்றனர் மூத்தவர்கள். “அதனை இணையத்தில் சேர்த்தால் மன்றத்தின் கணக்கும் பணமும் போய்விடும்” என்றனர் இளைஞர்கள். இரு சாரார் கூற்றிலும் உண்மை இருந்தது. எந்த உண்மைக்கு எவ்வளவு இடம் தருவது என்பதை அறிய, முன்னர் இக்கேள்வியைச் சந்தித்தவர்களின் வரலாற்றை நோக்குவோம்.

2001-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் எக்ஸ்பி என்னும் இயங்குதளத்தை வெளியிட்டது. பின்னாளில் பலரும் போற்றிய அந்த எக்ஸ்பி, பிறந்த அன்றே குறையற்றதாக இருந்தது என எண்ணுதல் தவறு. 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ‘பிளாஸ்டர்’ என்னும் நச்சுநிரல் இணையத்தின் வழியாகப் புகுந்து, எண்ணற்ற எக்ஸ்பி கணினிகளைத் தானாகவே நின்று நின்று இயங்கச் செய்து அலைக்கழித்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், இரண்டாம் திருத்தத் தொகுப்பு வெளிவந்தது. காப்பு அரணை இயல்பாகவே மூடி வைத்தமை முதலிய பல சீர்திருத்தங்கள் அதில் அமைந்திருந்தன. மக்கள் உள்ளத்தில் இடம்பெற்ற எக்ஸ்பி 2001-ஆம் ஆண்டின் எக்ஸ்பி அன்று. மூன்று ஆண்டுகள் அடிபட்டுச் செப்பனிடப்பட்ட எக்ஸ்பி. ‘பழையது நல்லது’ என்று நாம் சொல்லும்போது, ‘பலகாலம் பழுது பார்க்கப்பட்டது நல்லது’ என்றே பெரும்பாலும் பொருள்படுகின்றது.

எக்ஸ்பிக்குப் பின் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2007-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள் விஸ்டா என்னும் இயங்குதளம் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது. எக்ஸ்பி இயங்குவதற்கு 64 மெகாபைட் நினைவகம் குறைந்த அளவாகக் கூறப்பட்டது. விஸ்டாவுக்கோ 512 மெகாபைட் வேண்டியிருந்தது. அஃதாவது எட்டு மடங்கு. அச்சுப்பொறி, வருடி முதலிய துணைக்கருவிகளை இயக்கும் நிரல்களின் அமைப்பு விஸ்டாவில் மாற்றப்பட்டமையால், நேற்றுவரை நன்றாக இயங்கிய கருவிகள் பல இன்று வாய்மூடி நின்றன. ஒரு செயலைத் தொடங்கினால் ‘அனுமதி உண்டா?’ என்று கணினி அடிக்கடி கேட்டது. பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடுதான் அது. ஆயினும் ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் தடுத்து நிறுத்திப் பெயர் கேட்கும் காவலாளியை வீட்டுக்காரர் எத்தனை நாள் பொறுப்பார்?

இதனால் திரும்பிச் செல்லும் இயக்கமொன்று தோன்றியது. 2007-ஆம் ஆண்டு ஏப்ரலில், வாடிக்கையாளர் விருப்பத்திற்கிணங்கி, டெல் நிறுவனம் தன் வீட்டுக் கணினிகள் சிலவற்றில் மீண்டும் எக்ஸ்பியை வழங்க முன்வந்தது. விஸ்டாவின் உயர்வகைப் பதிப்புகளை வாங்கியோர், விரும்பினால் எக்ஸ்பிக்கு இறங்கிச் செல்லலாம் என்னும் உரிமை உரிம ஒப்பந்தத்திலேயே இருந்தது. எக்ஸ்பியின் விற்பனை நிறுத்தப்பட இருந்த 2008-ஆம் ஆண்டில், ‘இன்ஃபோவேர்ல்டு’ என்னும் அமெரிக்க இதழ் அதனைக் காக்குமாறு ஒரு விண்ணப்பம் தொடங்கிற்று. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் ஒப்பமிட்டனர். அப்போது விற்பனைக்கு வந்துகொண்டிருந்த மலிவான சிறு மடிக்கணினிகளால் விஸ்டாவின் சுமையைத் தாங்க இயலவில்லை. அவற்றுக்கென்று எக்ஸ்பியின் வாழ்நாளை நிறுவனமே நீட்டிக்க வேண்டியதாயிற்று.

அவ்வாறு திரும்பியவர்கள் செய்தது சரியா? சரியே என்று இன்று துணிந்து கூறலாம். எக்ஸ்பி இனிமையாக இருந்தது என்பது மட்டும் அதற்குக் காரணமன்று. அவர்கள் திரும்பிச் சென்ற வீட்டுக்குக் காவல் இருந்தது என்பதே தலையாய காரணம். எந்த இயங்குதளத்திலும் ஓட்டைகள் உண்டு. அவை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கப்படுகின்றன. கண்டுபிடித்தவுடன் அடைக்க வேண்டும். மைக்ரோசாப்ட் 2003-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமையன்று அத்தகைய திருத்தங்களை வெளியிட்டு வருகின்றது. எக்ஸ்பிக்கு இக்காவல் 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் வரை நீடித்தது. ஆகவே, 2007-இல் திரும்பியவர் ஏழு ஆண்டுகள் அச்சமின்றி வாழ முடிந்தது.

அவர்கள் காத்திருந்ததற்குப் பயனும் கிடைத்தது. 2009-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 7, அடிப்படையில் விஸ்டாவைச் செப்பனிட்டு அமைத்ததேயாகும். சுமை குறைந்தது, கேள்விகள் குறைந்தன, துணைக்கருவிகளுக்குரிய நிரல்களும் அதற்குள் வந்து சேர்ந்தன. 2012-ஆம் ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 8 இதே கதையை மீண்டும் நடத்திக் காட்டிற்று. பதினேழு ஆண்டுகளாகத் திரையின் இடக்கோடியில் இருந்த தொடக்கப் பொத்தானை அது நீக்கியது. மக்கள் விண்டோஸ் 7-இலேயே தங்கினர். ஓராண்டுக்குப்பின் 8.1 பதிப்பில் அப்பொத்தான் திரும்பி வந்தது. 2015-ஆம் ஆண்டு சூலையில் வந்த விண்டோஸ் 10-இல் தொடக்கப் பட்டியலும் முழுமையாகத் திரும்பியது. பழையதற்குத் திரும்பிய மக்களின் செயல், புதியதை உருவாக்கியோருக்கு ஒரு மறுமொழியாகவும் அமைந்தது என்பதை இதனால் அறிகின்றோம்.

இனி வரலாற்றின் மறுபக்கத்தை நோக்குவோம். 2014-ஆம் ஆண்டு ஏப்ரலில் எக்ஸ்பியின் காவல் நீங்கியது. வீடு அப்படியே இருந்தது. பூட்டும் சாவியும் அப்படியே இருந்தன. காவலர் மட்டும் இல்லை. பழகிய வீட்டை விட்டு வெளியேற மனமின்றி அங்கேயே தங்கியவர் பலர். பிரிட்டிஷ் அரசு தன் அலுவலகக் கணினிகளுக்காக மேலும் ஓராண்டுக் காவலை விலைக்கு வாங்கிற்று. அதற்குக் கொடுத்த தொகை சுமார் 55 லட்சம் பவுன். அரசாங்கத்தால் அவ்வாறு வாங்க இயலும், தனிமனிதரால் இயலுமா?

2017-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் ‘வான்னாகிரை’ என்னும் நச்சுநிரல் உலகெங்கும் பரவியது. கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு, திறந்துவிடப் பணம் கேட்பது அதன் தொழில். சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் அதனிடம் சிக்கின, இந்தியாவும் தப்பவில்லை. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகளும் மருத்துவரைக் காணும் நேரங்களுமாக 19,000-க்கு மேற்பட்டவை தவறியிருக்கும் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. காவல் நீங்கி மூன்று ஆண்டுகள் ஆகியும், நிலைமையின் கடுமை கருதி மைக்ரோசாப்ட் எக்ஸ்பிக்கு ஒரு சிறப்புத் திருத்தத்தை வெளியிட்டது.

இங்கே நடுநிலையோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். இத்தாக்குதலில் மிகுதியாகச் சிக்கியவை எக்ஸ்பி கணினிகள் அல்ல. அப்போது காவலில் இருந்த விண்டோஸ் 7 கணினிகளே. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சிலேயே வந்துவிட்டது. அதனை ஏற்றுக்கொள்ளாமல் இருந்தவர்கள் துன்புற்றனர். காவலர் வாயிலில் நின்றாலும், நாம் கதவைத் தாழிடாவிட்டால் பயனில்லை. ஆகவே, ‘பழையது தீது, புதியது நன்று’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுதல் பொருந்தாது. காவல் உண்டா, அக்காவலை நாம் ஏற்கின்றோமா என்ற இரண்டுமே கேள்விகள்.

நம் நாட்டிலும் இக்கேள்வி எழுந்ததுண்டு. வெளியூரில் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்பும் நாம் யாவரும் அறிந்தது ஏ.டி.எம். என்னும் பணப்பொறி. அப்பொறியினுள்ளும் ஓர் இயங்குதளம் உண்டு. எக்ஸ்பியின் காவல் நீங்கிய பின்னும் பல பொறிகள் அதிலேயே இயங்கிக்கொண்டிருந்தன. 2018-ஆம் ஆண்டு சூன் 21-ஆம் நாள் இந்திய ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விடுத்தது. காவல் நீங்கிய இயங்குதளங்களை அவ்வாண்டு செப்டம்பருக்குள் நூற்றுக்கு 25 பொறிகளிலும், டிசம்பருக்குள் 50-இலும், 2019 மார்ச்சுக்குள் 75-இலும், சூனுக்குள் எல்லாப் பொறிகளிலும் மாற்றிவிட வேண்டும் என்று அது பணித்தது. பொதுமக்கள் பணம் கிடக்கும் இடத்தில், பழகிப்போனது என்னும் காரணம் செல்லாது என்பதே அச்சுற்றறிக்கையின் உட்பொருள்.

காவலரை நியமிக்கும் உரிமை எப்போதும் ஒரு நிறுவனத்திடமே இருக்க வேண்டும் என்பதில்லை. லினக்ஸ் உலகில் நிரலின் மூலம் யாவருக்கும் திறந்து வைக்கப்பட்டுள்ளது. 2011-ஆம் ஆண்டு ஏப்ரலில் க்னோம் என்னும் திரையமைப்பு முற்றிலும் புதிய கோலத்தில் வந்தபோது, பழையதையே விரும்பியவர் பலர் மனம் நொந்தனர். அர்ஜென்டினா நாட்டு ஆர்வலர் ஒருவர் பழைய க்னோமின் மூலத்தை எடுத்து, ‘மாட்டே’ என்னும் பெயரில் வளர்க்கத் தொடங்கினார். பிறரும் வந்து சேர்ந்தனர். பழைய வீட்டை இடிக்க விடாமல், ஊரார் கூடித் தாமே காவல் அமைத்துக்கொண்டது போன்றது இது. நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் இயங்குதளமும் இவ்வழியைச் சார்ந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு அதில் இடமுண்டு. கணினி பழையது, புதிய விண்டோஸைத் தாங்காது என்னும் நிலையில், காவலற்ற பழைய விண்டோஸுக்குத் திரும்புவதைவிட, காவலுள்ள எளிய லினக்ஸ் ஒன்றை நாடுதல் அறிவுடைமை.

இனித் தமிழுக்கு வருவோம். மன்றத்துக் கோப்புகள் ஏன் பொருளற்ற வரிகளாகத் தோன்றின? விண்டோஸ் 98-க்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்களைக் கொண்டே நாம் அதில் தமிழ் எழுதினோம். எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லையேல் வெறுங்குறிகள். அதிலும் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வோர் அடுக்குமுறை. இக்குழப்பத்தை நீக்கவே 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் ‘தமிழ்நெட் 99’ மாநாடு கூடிற்று. விசைப்பலகைக்கு ஒரு முறையும், எழுத்துக் குறியேற்றத்துக்குத் ‘டாம்’, ‘டாப்’ என்னும் இரு முறைகளும் அதன் வழியே உருவாயின. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு என்னும் ஒருங்குறியில் தமிழுக்கு 1991-ஆம் ஆண்டிலேயே இடம் கிடைத்திருந்தது. எனினும் விண்டோஸில் அது நடைமுறைக்கு வந்தது 2000-ஆம் ஆண்டின் விண்டோஸ் 2000-இல்தான். ‘லதா’ என்னும் தமிழ் எழுத்துரு அதனுடனேயே வந்தது. 2010-ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு ஒருங்குறியைத் தன் தரமாக ஏற்றது.

எக்ஸ்பியில் தமிழ் சரியாகத் தெரிய வேண்டுமானால், அமைப்புப் பகுதிக்குச் சென்று, சிக்கலான எழுத்துகளுக்குரிய கோப்புகளை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. பலராலும் பழிக்கப்பட்ட விஸ்டாவில் அவ்வேற்பாடு இயல்பாகவே அமைந்திருந்தது. விஸ்டாவை வெறுத்து எக்ஸ்பிக்குத் திரும்பிய தமிழர், தம் தாய்மொழிக்குத் திறந்திருந்த கதவொன்றை மீண்டும் சாத்தி, மீண்டும் தாமே திறக்க வேண்டியவராயினர். நாம் எதனை வெறுத்து விலகுகின்றோமோ, அதனிடமும் நமக்கு வேண்டிய ஒன்று இருக்கக் கூடும். 2010-ஆம் ஆண்டு சூலையில், தமிழராகிய உதயகுமார் வரைந்த ரூபாய்க் குறியை நடுவணரசு ஏற்றது. 2006-ஆம் ஆண்டிலேயே காவல் நீங்கிய விண்டோஸ் 98 அக்குறியை எப்படி அறியும்? காவல் நின்ற நாளோடு கற்றலும் நின்றுவிடுகின்றது.

இன்றைய நிலை யாது? 2021-ஆம் ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புப் பொறி கணினியினுள் இருத்தல் வேண்டும் என விதித்தது. நன்றாக உழைக்கும் கணினிகள் பல இதனால் தகுதியற்றவை ஆயின. விண்டோஸ் 10-இன் வழக்கமான காவல் 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-இல் முடிந்தது. வீட்டுக் கணினிகள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறலாம் என்று நிறுவனம் அறிவித்தது. அதற்கும் முந்திய விண்டோஸ் 7-இன் காவல் 2020 சனவரியிலேயே நீங்கிற்று; கூகுளின் குரோம் உலாவியும் 2023-இல் அதனைக் கைவிட்டது. விண்டோஸ் 7-க்குத் திரும்புவோர் வங்கிக்கும் இரயில் முன்பதிவுக்கும் எந்த வழியாகச் செல்வர் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே, திரும்ப நினைப்போர் மூன்றினை ஆராய வேண்டும். முதலாவது, எதற்காகத் திரும்புகின்றோம்? பழக்கமின்மையாலா, உண்மையான இடையூற்றாலா? பழக்கமின்மை சில வாரங்களில் தீரும். இயங்காத அச்சுப்பொறி தானாகத் தீராது. இரண்டாவது, திரும்பிச் செல்லும் தளத்துக்குக் காவல் எந்த நாள் வரை உண்டு? மூன்றாவது, நம் கோப்புகள் இங்கிருந்து அங்கும், அங்கிருந்து இங்கும் சிதையாமல் வந்து போகுமா? இவற்றுள் இரண்டாவதற்கு ‘இல்லை’ என்னும் விடை கிடைப்பின், இணையத்தோடு தொடர்புள்ள வேலைக்கு அத்தளம் ஆகாது.

எங்கள் மன்றம் செய்த முடிவையும் சொல்லி நிறைவு செய்வோம். பழைய கணினியை எறிந்துவிடவில்லை. அன்றாட வேலைக்கு அதனிடம் திரும்பவும் இல்லை. இணையத்தோடு எத்தொடர்பும் இன்றி, தனியறையில் அதனை மீண்டும் இயக்கினோம். எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்பதை அங்கேதான் காண முடிந்தது. ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் தாளில் அச்சிட்டோம். இக்காலப் பென்டிரைவை அக்கணினி அறியாது. ஆதலின் கோப்புகளைக் குறுந்தகட்டில் பதிந்து புதிய கணினிக்குக் கொண்டுவந்து, எழுத்துரு மாற்றும் நிரலால் ஒருங்குறிக்கு மாற்றினோம். மாற்றத்தில் பிழைகள் நேர்ந்தன. கொம்பும் காலும் இடம் மாறின. கிரந்த எழுத்துகள் சில மறைந்தன. அச்சிட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு, மூத்தவர்கள் படிக்க, இளைஞர்கள் திருத்தினர். விவாதத்தில் எதிரெதிரே நின்றவர்கள் ஒரே மேசையில் அமர்ந்து பல ஞாயிற்றுக்கிழமைகளை அவ்வேலையில் கழித்தனர்.

பழைய இயங்குதளத்திடம் சென்று வருதல் வேறு. அதிலேயே குடியிருத்தல் வேறு. முன்னோர் விட்டுச் சென்ற பெட்டியைத் திறந்து வேண்டுவன எடுத்து வரச் செல்லலாம், செல்லவும் வேண்டும். எடுத்து வந்ததை, நம் பிள்ளைகள் படிக்கக்கூடிய எழுத்தில், காவலுள்ள இடத்தில் வைத்தல் நம் கடமை. மன்றத்தைத் தொடங்கியோரின் பெயர்களும், அவர்கள் எந்தெந்த ஊரிலிருந்து வந்தனர் என்னும் குறிப்பும் இன்று எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரிகின்றன. நேயர்களின் இல்லங்களிலும் சங்கங்களிலும் இத்தகைய பழைய கணினிகள் மூலையில் கிடக்கலாம். அவை இயங்கும் நிலையில் இருக்கும்போதே ஒருமுறை திறந்து பார்ப்பது நன்று.